கனிப்பொருட் பாகுபாட்டின் வரலாறு

இரத்தினபுரிப் பகுதியில் மணிக்கல் அகழ்வோர், களிமண்ணுக்குக் கீழே கிடக்கும் சரளைப் படையை 'இல்லம்' என்று வழங்குவர். அச்சரளையைக் கூடையிலிட்டு நீரில் அரித்தால் பல நிறக் கற்கள் எஞ்சும். அவற்றுள் செந்நிறமானவற்றை மட்டும் தெரிந்து ஒரு தட்டில் இட்டோமாயின், கண்ணுக்கு ஓரினம் போலத் தோன்றும் அக்கற்கள் உண்மையில் மாணிக்கம், ஸ்பினல், கார்னெற்று, சிர்க்கன், தோரமல்லி என்னும் ஐந்து வேறு பொருள்களாக இருத்தல் கூடும். சிவந்த மாணிக்கமும் நீலமணியும் மஞ்சள் நிறப் புருடராகமுமோ, நிறத்தால் முற்றிலும் வேறுபட்டனவாயினும் ஒரே பொருளாம். இங்ஙனம் கற்களிடையே காணப்படும் ஒப்புமைகள் பல. அவற்றுள் எவ்வொப்புமையைக் கொண்டு இனம் வகுப்பது? மாங்கொட்டையிலிருந்து மாமரமே முளைக்கின்றது. பசுவின் வயிற்றிற் கன்றே பிறக்கின்றது. ஆதலின் மரத்துக்கும் விலங்குக்கும் இனம் வகுப்போன் பிறப்பு முறையைத் துணைக்கொள்ளலாம். கல்லுக்குத் தாயுமில்லை, வித்துமில்லை. அதன் உறவுமுறை எது என்பதை மனிதனே ஆராய்ந்து துணிய வேண்டியதாயிற்று. அத்துணிவு காலந்தோறும் மாறி வந்த வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் முன்னோர் மணிகளை வகுத்த முறை அவற்றின் நிறத்தையும் ஒளியையும் குற்றங்களையும் சார்ந்தது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் மணிவீதியைக் காட்டும் இளங்கோவடிகள் மாணிக்கத்துக்கு நான்கு வகை கூறுகின்றார். வைரத்தின் குற்றங்களுள் காகபாதத்தையும் ஒன்றாகச் சேர்க்கின்றார். விலை மதிப்போர்க்கு வேண்டிய பாகுபாடு அது. அவ்வளவில் அது நுட்பமானதே. மாணிக்க வகைகளுள் ஒன்றாகிய குருவிந்தத்தின் பெயரோடு உறவுடைய 'குருந்தம்' என்னும் தமிழ்ச் சொல் பின்னாளில் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, உலகெங்கும் வழங்கும் கலைச்சொல்லாயிற்று. அது புகுந்த வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

கிரேக்க நாட்டில் அரிஸ்தோத்திலின் மாணாக்கராகிய தியோபிராஸ்தஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கற்களைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். நெருப்பில் உருகுவன எவை, எரிவன எவை, அசையாது நிற்பன எவை என்று அவர் நோக்கினார். 1037ஆம் ஆண்டில் இறந்த பாரசீகப் பேரறிஞர் இபுனு சீனா, நிலத்திலிருந்து கிடைப்பனவற்றைக் கற்கள், உருகுவன, கந்தகவினம், உப்புகள் என நான்காக வகுத்தார். அவர் காலத்தவரான அல்பிரூனி மணிகளையும் உலோகங்களையும் நீரில் இட்டு அவற்றால் வெளியேற்றப்படும் நீரின் நிறையை அளந்தவர். ஏறக்குறைய 4 என்னும் தன்னீர்ப்புடைய மாணிக்கத்தையும் 3.6 அளவினதாகிய ஸ்பினலையும் கண்ணால் வேறுபிரிக்க இயலாத இடத்தில் தராசினால் வேறுபிரிக்கலாம் என்பதற்கு அவருடைய அளவைகளே சான்று. ஐரோப்பாவில் இவ்வேறுபாடு நெடுங்காலம் உணரப்படவில்லை. பிரித்தானிய முடியில் 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' என்னும் பெயரோடு விளங்கும் பெருங்கல் உண்மையில் ஸ்பினலே. 1546இல் அகிரிகோலா வெளியிட்ட நூல் சுரங்கத் தொழிலாளரின் அறிவை முதன்முதலாக முறைப்பட எழுத்தில் வடித்தது. ஆயினும் பாகுபாட்டின் அடிப்படையை அதுவும் பெரிதும் மாற்றவில்லை.

1735இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் தாவர இராச்சியம், விலங்கு இராச்சியம், கல் இராச்சியம் என இயற்கையை மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் ஒரே வகையான வகுப்பு, வரிசை, சாதி, இனம் என்னும் படிமுறையை விதித்தார். தாவரத்திற் பெருவெற்றி கண்ட அம்முறை கல்லிற் பலிக்கவில்லை. பூவின் கேசரங்களை எண்ணித் தாவரங்களை வகுத்தவர், கல்லில் எண்ணுவதற்கு எதனைக் கொள்வார்? பளிங்கின் புறவடிவை அவர் கொண்டார். ஆனால் உப்புக் கட்டியும் காரீயத்தின் தாதாகிய கலீனாவும் கனசதுரமாகவே பளிங்காகின்றன. அவ்விரண்டையும் உறவினர் என்று சொல்ல எவர்தாம் துணிவர்?

லின்னேயசின் நாட்டவரே மற்றொரு வழியைத் திறந்தார். சுரங்க அதிகாரியாகிய அக்செல் குரோன்ஸ்ரெட், 1751இல் நிக்கலைக் கண்டறிந்தவர். ஊதுகுழலின் நுனிச் சுடரில் ஒரு கடுகளவு தாதை வைத்து, அது உருகும் முறையையும் சுடருக்கு ஊட்டும் நிறத்தையும் கொண்டு அதன் உட்பொருளை உணரும் கலையில் அவர் தேர்ந்தவர். 1758இல் தம் பெயரைக் குறியாது அவர் வெளியிட்ட நூல், கனிப்பொருள்களை அவற்றின் இரசாயனச் சேர்க்கையால் வகுக்க வேண்டும் என வாதிட்டது. பல கனிப்பொருள்கள் கலந்த பாறைகளை அவர் தம் பாகுபாட்டினின்றும் விலக்கிப் பிற்சேர்க்கையில் ஒதுக்கினார். கலவையை இனமாக எண்ணி இடர்ப்பட்ட முன்னைய நூல்களோடு ஒப்பிட்டால், இவ்விலக்கல் ஒன்றே அவரை நினைவிற் கொள்ளப் போதியதாகும். எனினும் மண்கள், எரிபொருள்கள், உப்புகள், உலோகங்கள் என அவர் வகுத்த நான்கு வகுப்புகளிலும் இபுனு சீனாவின் நான்கு அறைகள் இன்னும் தெரிகின்றன.

இரசாயன வழியின் வலிமையை உலகுக்குக் காட்டிய சோதனைகளுள் ஒன்று இலங்கைக் கல்லிற் செய்யப்பட்டது. நிறமற்ற சிர்க்கன் 'மாத்தறை வைரம்' என்னும் பெயரோடு வைரத்துக்கு ஈடாக விற்கப்பட்டு வந்தது. 1789இல் பேர்லினில் மார்ற்றின் கிளப்றொத் இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கனைப் பகுத்து ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத ஒரு மண் அதனுள் இருத்தலைக் கண்டார். அதிலிருந்தே சிர்க்கோனியம் என்னும் மூலகத்தின் பெயர் எழுந்தது. வைரம்போல மின்னிய கல்லுக்கும் வைரத்துக்கும் யாதோர் உறவுமில்லை என்பது இவ்வாறு இரசாயனியின் மூசையில் வெளிப்பட்டது.

அதே காலத்தில் சாக்சனியிலுள்ள பிரைபேர்க்குச் சுரங்கக் கல்லூரியில் ஆபிரகாம் வேர்னர் வேறொரு நெறியைக் கற்பித்து வந்தார். 1774இல் வெளிவந்த அவருடைய சிறுநூல் புறவிலக்கணங்களை ஒழுங்குபடுத்தியது: நிறம், மினுக்கம், உடையும் முறை, தொடும்போது உறும் குளிர்ச்சி, மணம், நாவிற்படும் சுவை. சேர்க்கையே பாகுபாட்டுக்கு அடிப்படை என்பதை அவரும் கொள்கையளவில் மறுத்தாரல்லர். ஆயினும் சுரங்கத்தினுள் நிற்பவனுக்கு ஆய்வுகூடம் கிட்டாது. கண்ணும் கையும் நாவுமே கிட்டும். ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் அவரை நாடி வந்தமைக்கு இந்நடைமுறைப் பயனே காரணம் எனலாம்.

இனி மூன்றாவது வழி, பளிங்கு வழி. லின்னேயஸ் பளிங்கின் தோற்றத்தை நோக்கினார். பிரான்சு நாட்டு உறொமே டிலீல் பளிங்கின் கோணங்களை அளந்தார். ஒரு பொருளின் பளிங்கு பருத்திருப்பினும் சிறுத்திருப்பினும், ஒரு முகம் நீண்டு மற்றொன்று குறுகினும், ஒத்த முகங்களுக்கு இடையேயுள்ள கோணம் மாறாது என்பதைக் கோணமானி கொண்டு அவர் 1783இல் நிறுவினார். அவரைத் தொடர்ந்தவர் றெனே ஹவுயி என்னும் கத்தோலிக்கக் குரு. நண்பரொருவரின் கல்சைற்றுப் பளிங்கு இவர் கையினின்றும் நழுவி உடைய, அதன் துண்டுகள் யாவும் ஒரே சாய்சதுரத் திண்மமாகப் பிளந்திருத்தலைக் கண்டு வியந்தார் என ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும் அவர் கண்ட முடிபு பெரிது. எப்புறவடிவிற் கிடைப்பினும் கல்சைற்று உடையும்போது ஏறக்குறைய 105 பாகைக் கோணமுள்ள அதே துண்டுகளைத் தரும். ஆகவே ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கேயுரிய ஓர் உள்வடிவுக் கூறு உண்டு. அதன் சேர்க்கையும் அவ்வடிவும் சேர்ந்தே இனத்தை நிறுவும் என 1801இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர் துணிந்தார்.

குருந்தத்தின் வழக்கு இக்காலத்திலேதான் தீர்ந்தது. இந்தியாவில் மணிகளைத் தீட்டப் பயன்பட்ட மங்கிய கடுங்கல்லுக்குத் தமிழில் வழங்கிய பெயரை ஆங்கிலேயர் தம் மொழியில் எடுத்தாண்டனர். சாள்ஸ் கிறெவில் 1798இல் இலண்டன் வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில் இக்கல்லைப் பற்றி எழுதினார். 1802இல் பூர்னோன் பிரபு மேலும் சென்று, தீட்டுங்கல்லாகிய குருந்தமும் கீழ்த்திசை மாணிக்கமும் நீலமும் ஓரினமே எனக் காட்டினார். ஹவுயி தொடக்கத்தில் மணியை ஒரு பெயராலும் தீட்டுங்கல்லை வேறொரு பெயராலும் வழங்கிப் பின்னர் இரண்டையும் குருந்தத்தில் அடக்கினார். அரசர் முடியிலிருந்த மணியும் கம்மியன் பட்டடையிலிருந்த கல்லும் ஒரு பெயரிற் சேர்ந்தன. அப்பெயரும் கம்மியனிடமிருந்தே வந்தது.

இவ்வாறு சேர்க்கையும் வடிவும் கைகோத்துச் செல்கின்றன எனக் கருதிய வேளையில் ஒரு சிறு கல் அவ்விரண்டையும் பிரித்துவிட்டது. இசுப்பெயின் நாட்டு அரகன் பகுதியின் பெயரால் அரகனைற்று எனப்பட்ட அக்கல்லைக் கிளப்றொத் 1788இல் ஆராய்ந்து, அது கல்சைற்றைப் போலவே கல்சியம் காபனேற்று என்று கண்டார். பளிங்கு வடிவோ முற்றிலும் வேறு. கடினமும் தன்னீர்ப்பும் சற்று மிகை. ஹவுயியின் கோட்பாட்டின்படி இஃது இயலாத செய்தி. பொருளொன்றாயின் வடிவும் ஒன்றாதல் வேண்டும். பிரான்சின் தேர்ந்த இரசாயனிகள் மீண்டும் மீண்டும் பகுத்துப் பார்த்தும் வேற்றுமை கண்டாரல்லர். 1813இல் ஸ்ரோமையர் அரகனைற்றில் ஸ்ரொன்சியம் சிறிதளவு இருத்தலைக் கண்டபோது ஹவுயியின் கட்சியினர் மகிழ்ந்தனர். ஆனால் ஸ்ரொன்சியம் அறவே இல்லாத அரகனைற்றுகளும் பின்னர் அகப்பட்டன. 1823இல் ஐல்ஹாட் மிச்சர்லிக், கந்தகம் என்னும் தனி மூலகமே வெவ்வேறு நிலைமைகளில் இருவேறு வடிவிற் பளிங்காதலைக் காட்டினார். அதன்பின் இவ்வழக்குக்கு இடமில்லாது போயிற்று. ஒரே சேர்க்கை ஈருருக் கொள்ளும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல் பெரும்பாலும் கல்சைற்று. மன்னார்க் கடலில் விளைந்த முத்தோ அரகனைற்றாலாயது. காபனின் ஈருருக்களாகிய வைரமும், நம்மவர் பென்சிற்கரி என வழங்கும் கிராபைற்றும் இதற்கு இன்னும் பெரிய எடுத்துக்காட்டு.

மிச்சர்லிக் இதற்கு முன்னரே, 1819இல், இதன் மறுதலையையும் கண்டிருந்தார். சேர்க்கையில் ஓரளவு வேறுபட்ட உப்புகள் ஒரே வடிவிற் பளிங்காகும். ஒரு மூலகத்தின் இடத்தை மற்றொன்று கவர்ந்துகொள்ளும். பாகுபாட்டு வரலாற்றில் இக்கண்டுபிடிப்பின் விளைவை யான் மிகப் பெரிதாகக் கருதுகின்றேன். அது தொட்டது பெர்சீலியசின் முறையை. சுவீடனின் அப்பெரும் இரசாயனி 1814இல் வகுத்த பாகுபாட்டில், கனிப்பொருள்கள் அவற்றிலுள்ள உலோகத்தின் பெயரால் அடுக்கப்பட்டன: இரும்புடையவை ஓரிடம், கல்சியமுடையவை ஓரிடம். கார்னெற்றை எடுத்துக்கொண்டால் இதன் இடர் விளங்கும். நாம் கோமேதகம் என வழங்கும் கல் கல்சியமுடைய கார்னெற்று. செந்நிறக் கார்னெற்றுகளில் இரும்பும் மகனீசியமும் அவ்விடத்தைக் கொள்கின்றன; சிலவற்றில் மங்கனீசு கொள்கின்றது. வடிவு ஒன்று, இயல்பு ஒன்று, கலப்போ தடையற்றது. உலோகத்தால் வகுத்தால் இக்குடும்பம் நாற்றிசையிலும் சிதறிப்போகும். மிச்சர்லிக்கைத் தம்மிடம் அழைத்து உடன்வைத்து ஆராய்ந்த பெர்சீலியஸ், 1824இல் தம் முறையைத் தாமே தலைகீழாக்கினார். இடம் மாறும் உலோகத்தை விடுத்து, மாறாது நிற்கும் எதிர்மின் கூறாகிய சிலிக்கேற்று, காபனேற்று, சல்பேற்று ஆகியவற்றை வகுப்புக்கு அடிப்படையாக்கினார். அதனால் கார்னெற்றுகள் ஒன்றுகூடின. காபனேற்றுகளும் தமக்குள் ஒருமை காட்டின. இன்று எந்த நூதனசாலையிற் புகுந்தாலும் பேழைகளிற் காணும் சல்பைட்டு, ஒட்சைட்டு, காபனேற்று, சிலிக்கேற்று என்னும் வரிசை அம்மாற்றத்தின் வழிவந்ததே.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பத்துக் கல் கொண்ட கடின அளவையை 1812இல் வகுத்த பிரீட்றிக் மோஸ், கல்லை அழித்து அறியும் அறிவு இயற்கை வரலாற்று அறிவாகாது என்பார்; புற இயல்புகளால் மட்டுமே சாதியும் இனமும் வகுத்தார். கல்லைச் சிதையாமல் அறிய விழையும் மணிவணிகர் இன்றும் அவர் பக்கமே நிற்பர். அமெரிக்கராகிய ஜேம்ஸ் டேனா 1837இல், தம் இருபத்து நான்காம் வயதில், வெளியிட்ட பெருநூல் மோசின் நெறியைத் தழுவித் தாவரங்களுக்குப்போலக் கற்களுக்கும் இலத்தீனில் இருசொற் பெயர் சூட்டியது. 1850இல் மூன்றாம் பதிப்பில் அவர் அம்முறையைக் கைவிட்டார். 1854இல் நான்காம் பதிப்பில் இரசாயன வகுப்புகளை ஏற்றார். தாம் முயன்று கட்டிய ஒழுங்கை உயிரோடிருக்கும்போதே தாமே கலைத்துவிடும் நேர்மை அறிஞரிடத்தும் அரிதாகவே காணப்படுவது.

ஆனந்த குமாரசுவாமியைக் கலாயோகி என்றே நாம் அறிவோம். சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், இலண்டனிற் புவிச்சரிதவியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக விளங்கியதைப் பலர் மறந்துவிட்டனர். பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த பிறையரோடு சேர்ந்து, செரெண்டிபைற்று என்னும் புதிய கனிப்பொருளை 1903இல் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் அவர். அடுத்த ஆண்டில், சப்பிரகமுவாவின் சரளைகளிற் கிடைத்த கனமான கரிய கனசதுரப் பளிங்குகளை அவர் நோக்கி, அவை யுரேனியத் தாதாகிய யுரேனினைற்று எனக் கருதினார். இலண்டனில் வின்டம் டன்ஸ்ரன் அவற்றைப் பகுத்தபோது ஏறக்குறைய முக்காற் பங்கு தோரியம் ஒட்சைட்டாக இருத்தலைக் கண்டு தோரியனைற்று எனப் புதுப்பெயரிட்டார். ஆகவே குமாரசுவாமி இனத்தைத் தவறவிட்டார் என்பர். பின்னைய ஆராய்ச்சி கூறுவதோ வேறு. தோரியனைற்றும் யுரேனினைற்றும் ஒரே அணுவொழுங்கு உடையன. தோரியமும் யுரேனியமும் ஒன்றன் இடத்தை மற்றொன்று எவ்வளவும் கொள்ளும். இரண்டுக்குமிடையே இயற்கை எல்லைக்கோடு எதனையும் இடவில்லை. பாதிக்கு மேல் எது மிகுந்துளதோ அதன் பெயரை இடுக என்னும் வழக்கே எல்லையாக நிற்கின்றது. அவ்விரு கற்களும் இன்று ஒரே குழுவைச் சேர்ந்தவை. குமாரசுவாமியின் கண் குழுவைச் சரியாகவே கண்டது.

அணுவொழுங்கு என்று கூறினோம். அதனைக் காணும் வழி 1912இல் மூனிச்சிற் பிறந்தது. மக்ஸ் ஃபொன் லௌவேயும் அவருடைய துணைவரும் எக்ஸ் கதிரைப் பளிங்கினூடு செலுத்தி, தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் வீழ்தலைக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிறாக்கு தந்தையும் மைந்தரும் உப்பிலும் வைரத்திலும் ஒவ்வோர் அணுவும் இருக்குமிடத்தைக் குறித்துக் காட்டினர். ஹவுயி கோணங்களைக் கொண்டு ஊகித்த உள்வடிவு இப்போது அளவுகோலுக்கு அகப்பட்டது.

இக்கருவியால் மிகுந்த பயன் பெற்றது சிலிக்கேற்று வகுப்பு. இவ்வகுப்பு இரசாயனிகளுக்கு நூறாண்டு தலைவலியாக இருந்தது. சிலிக்கேற்றுகளைப் பலவகைச் சிலிசிக் கமிலங்களின் உப்புகள் எனக் கொண்டு, விகிதங்களைக் கணக்கிட்டு வகுக்க முயன்றனர். அலுமினியம் சிலவேளை அமிலப் பக்கத்திலும் சிலவேளை உலோகப் பக்கத்திலும் நின்று கணக்கைக் குழப்பிற்று. 1920களில் வில்லியம் லோறன்ஸ் பிறாக்கும், மச்சற்ஸ்கி முதலியோரும் கண்ட விடை எளிமையானது. ஒரு சிலிக்கன் அணுவைச் சூழ நான்கு ஒட்சிசன் அணுக்கள் நின்று ஒரு நான்முகியாகின்றன. சிலிக்கேற்றுகள் யாவற்றுக்கும் இதுவே செங்கல். செங்கற்கள் தனித்தனி நின்றால் ஒலிவீன், கார்னெற்று, சிர்க்கன். வளையமாகக் கூடினால் மரகதமும் தோரமல்லியும். முடிவற்ற சங்கிலியாகத் தொடர்ந்தால் பைரொக்சீன். தகடாகப் பரந்தால் மைக்கா. முப்பரிமாணத்திலும் பின்னினால் பெல்சுபார். மைக்கா ஏன் ஏடேடாகப் பிரிகின்றது என்னும் வினாவுக்கும் இதனால் விடை கிடைத்தது. தகட்டினுள் பிணைப்பு வலிது, தகடுகளுக்கிடையே மெலிது. அலுமினியம் ஓரிடத்தில் சிலிக்கனுக்குப் பதிலாக நான்முகியின் நடுவிலும், வேறிடத்தில் நான்முகிகளுக்குப் புறத்தேயும் இருத்தல் தெரியவந்ததும் பழைய கணக்கின் குழப்பமும் நீங்கிற்று.

இரசாயனத்தையும் அணுவொழுங்கையும் ஒரே அட்டவணையில் இணைத்தவர் ஹூகோ ஸ்ருன்ஸ் என்னும் யேர்மனியர். 1941இல் வெளிவந்த அவருடைய அட்டவணைகளில் வகுப்பை நிறுவுவது பெர்சீலியசின் எதிர்மின் கூறு; வகுப்பினுள் பிரிவுகளை நிறுவுவது அணுவொழுங்கு. ஒன்பதாக இருந்த வகுப்புகள், நிக்கல் என்பாருடன் சேர்ந்து அவர் 2001இல் வெளியிட்ட ஒன்பதாம் பதிப்பிற் பத்தாயின: மூலகங்கள், சல்பைட்டுகள், ஏலைட்டுகள், ஒட்சைட்டுகள், காபனேற்றுகள், போரேற்றுகள், சல்பேற்றுகள், பொசுபேற்றுகள், சிலிக்கேற்றுகள், சேதனச் சேர்வைகள். போரேற்றுகள் தனி வகுப்பானதே புதுமை. டேனாவின் வழிவந்தோர் 1997இல் வெளியிட்ட எட்டாம் பதிப்போ எழுபத்தெட்டு வகுப்புகளைக் காட்டுகின்றது.

பத்துக்கும் எழுபத்தெட்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமை எண்ணிக்கை பற்றியது மட்டுமன்று. நிலத்தில் மிகுதியாகக் கிடைக்கும் படிகக்கல்லாகிய குவாட்சை எங்கே வைப்பது? சேர்க்கையை நோக்கின் அது சிலிக்கனின் ஒட்சைட்டு. அணுவொழுங்கை நோக்கின் ஒவ்வொரு நான்முகியும் நான்கு மூலைகளிலும் பிணைந்த பின்னல், பெல்சுபாரின் உடன்பிறப்பு. ஸ்ருன்சின் அட்டவணை அதனை ஒட்சைட்டுகளிடையே வைக்கின்றது. 1997இன் டேனா நூல் சிலிக்கேற்றுகளிடையே வைக்கின்றது. இருசாராரும் அணுக்களின் இருப்பிடத்தைப் பற்றி அணுவளவும் கருத்து வேறுபடாதவர். அவர்களுடைய வேறுபாடு எவ்வொப்புமை முதன்மையானது என்பதிலேயே உள்ளது.

இதே பிணக்கை நம் நாட்டுக் கல்லொன்று மேலும் தெளிவாகக் காட்டும். இலங்கைச் சரளையிற் கிடைக்கும் ஒருவகைப் பழுப்புக் கல்லை மணிவல்லார் நெடுங்காலம் ஒலிவீன் இனத்தது, பழுப்பு நிறப் பெரிடொற் என்றே விற்றும் பேழையில் வைத்தும் வந்தனர். தன்னீர்ப்பு 3.48 அளவாகச் சற்று மிகுந்திருந்தமையை இரும்பின் மிகுதியால் என எண்ணிக்கொண்டனர். 1952இல் பிரித்தானிய நூதனசாலையின் கிளாறிங்புல்லும் ஹேயும் அதனை ஆராய்ந்து, அதில் சிலிக்கன் இல்லை, மகனீசியமும் அலுமினியமும் போறனும் ஒட்சிசனுமே உள்ளன என்று கண்டு, இத்தீவின் பழம் பெயரால் சிங்களைற்று எனப் பெயரிட்டனர். பிறாக்கு 1926இல் வெளியிட்ட ஒலிவீனின் அணுவொழுங்கோடு ஒப்பிட்டால், சிங்களைற்றின் ஒழுங்கு அதுவே. சிலிக்கன் நிற்குமிடத்தில் போறன் நிற்கின்றது. மகனீசியத்தின் ஒரு பாதியிடத்தில் அலுமினியம் நிற்கின்றது. மணிவல்லார் கண்ட ஒப்புமை இவ்வாறு பொய்யாகாமல் அணுவரை இறங்கிச் செல்கின்றது. ஆயினும் வகுப்பு முறையில் ஒலிவீன் சிலிக்கேற்றுகளிடையேயும் சிங்களைற்று போரேற்றுகளிடையேயும் வெவ்வேறு பேழைகளில் இருக்கின்றன.

ராபைற்றின் வரலாறும் இதனையொத்தது. டப்ளின் நகரில் 1945இல் றிச்சாட் ராப் என்னும் மணியறிஞர் வாங்கிய கற்களிடையே ஸ்பினல் எனக் கருதப்பட்ட ஒன்றில் ஒளி இரட்டையாக முறிதலைக் கண்டார். ஸ்பினல் அங்ஙனம் செய்யாது. பட்டை தீட்டிய கல்லிலிருந்தே அறியப்பட்ட முதற் கனிப்பொருள் என அது புகழ்பெற்றது. அவ்வினக் கற்கள் இலங்கைச் சரளையில் உள்ளமை பின்னர்த் தெளிவாயிற்று. அதன் அணுவொழுங்கை ஆராய்ந்தபோது ஸ்பினலின் படைகளே வேறொரு வகைப் படைகளோடு மாறி மாறி அடுக்கப்பட்டிருத்தல் புலனாயிற்று.

1958இல் நிறுவப்பட்ட சருவதேசக் கனிப்பொருளியற் சங்கம் மறு ஆண்டில் ஓர் ஆணைக்குழுவை அமைத்துப் புதிய பெயர்களை ஏற்றலும் மறுத்தலுமாகிய பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தது. இன்று ஏற்கப்பட்ட இனங்கள் 6000க்கு மேற்பட்டன. குழு என்பது யாது என்பதை அச்சங்கத்தார் 2009இல் வரையறுத்தனர்: ஒரே அணுவொழுங்கும், இரசாயனத்தில் ஒத்த மூலகங்களும் உடைய இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய இனங்கள் ஒரு குழு. அவ்வரையறைக்கேற்ப 2013இல் கார்னெற்றுகளை ஒழுங்கு செய்தபோது, அவை சிலிக்கேற்று வகுப்பின் எல்லைக்குள் அடங்கவில்லை. ஆசனிக்கைச் சிலிக்கனின் இடத்திற் கொண்டனவும், சிலிக்கனும் ஒட்சிசனும் இன்றிப் புளோரினாலானதும்கூட அணுவொழுங்கால் கார்னெற்றுகளே. அவற்றையெல்லாம் சேர்த்துக் கார்னெற்றுப் பெருங்குழு என்றனர். பெர்சீலியஸ் சிதறாமற் காத்த குடும்பம் அவர் எழுப்பிய சுவரையே தாண்டிவிட்டது.

அண்மையில் அமெரிக்கராகிய றொபேட் ஹேசனும் அவருடைய துணைவரும் வேறொரு வினாவை எழுப்பியுள்ளனர். கனிப்பொருள் எங்கே, எம்முறையில் தோன்றியது என்பதைப் பாகுபாட்டில் ஏன் சேர்க்கலாகாது? விண்மீனின் புறவளியிற் படிந்த நுண்ணிய வைரமும் புவியின் ஆழத்தில் அமுக்கத்தால் விளைந்த வைரமும் சேர்க்கையாலும் ஒழுங்காலும் ஒன்றாயினும் வரலாற்றால் வேறானவை. 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அவர்கள் 57 தோற்ற முறைகளைக் கணக்கிட்டனர். பைரைற்று ஒன்றே 21 முறைகளில் தோன்றுவது. இவ்வாறு எண்ணினால் கனிப்பொருள் வகைகள் 10,500க்கு மேற்படும் என்பர். கல்லுக்குப் பிறப்பில்லை என்று கூறியிருந்தோம். அதற்கும் ஒருவகைப் பிறப்பைத் தேடுகின்றனர். சங்கத்தார் தம் அடிப்படையை இதற்காக மாற்றினாரல்லர். மாற்றவும் வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். ஒரு கல்லைக் கையிற் கொண்டு அதன் பிறப்பிடம் தெரியாது நிற்பவனுக்கும் பெயர் வேண்டுமன்றோ?

அணுவொழுங்கையே உறவுக்கு அளவுகோலாகக் கொண்ட இம்முறைக்கு விடுக்கப்பட்ட கடிய சோதனை எகலியகொடைச் சரளையிலிருந்து வந்தது. 1953இல் அங்கே எப். எல். டி. எக்கநாயக்கா ஒரு பச்சைக் கல்லைக் கண்டெடுத்தார். 1961இல் இலண்டன் அறிஞர் அதனைப் புதிய இனமென நிறுவி அவர் பெயரால் எக்கனைற்று என வழங்கினர். கல்சியமும் தோரியமும் சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது அது. தோரியம் தேய்ந்தழியும்போது வெளிவிடும் துணிக்கைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தாக்கியமையால் அதன் அணுவொழுங்கு முற்றாகச் சிதைந்துவிட்டது. எக்ஸ் கதிர்த் தகட்டிற் புள்ளிகள் வீழவில்லை. கண்ணாடியைச் சோதித்தாற்போன்ற மங்கலே கிட்டியது. இலங்கைச் சிர்க்கன்கள் சிலவற்றிலும் இத்தகைய சிதைவு உண்டு. அவற்றின் தன்னீர்ப்பு 4.7இலிருந்து 4 அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் சிதையாத சிர்க்கன் ஏராளமாக உண்மையின், சிதைந்ததன் பழைய ஒழுங்கு எதுவென ஐயமில்லை. எக்கனைற்றுக்கு அத்துணை இருக்கவில்லை. கல்லைச் சூடாக்கி ஒழுங்கை மீட்க முயன்றனர். அவ்வாறு மீண்டது பழைய ஒழுங்கேயா என்னும் வினா எஞ்சியது. கனடாவின் யூக்கொன் பகுதியில் சிதைவுறாத எக்கனைற்றுப் பளிங்குகள் கிடைத்து, அவற்றின் அணுவொழுங்கு 1982இல் வெளியிடப்பட்ட பின்னரே, இருபதாண்டுகளுக்கு மேலாகப் பெயர் மட்டும் பெற்றிருந்த எகலியகொடைக் கல்லுக்குச் சிலிக்கேற்றுகளிடையே உரிய இடம் தெளிவாயிற்று.